வாக்காளர் பட்டியலும் கட்சிக் கமிட்டிகளும்: 'டிரஸ்ட்' என்றால் சாவி யார் கையில்?

#1 நிலாமுற்றம்

அனைவருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி. பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் ஒரு கட்சியின் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போல) கமிட்டியில் ஆறு வருடமாகத் தன்னார்வலராக இருக்கிறேன். எந்தக் கட்சி என்று சொல்லவில்லை, சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். என்னுடையது பட்டியல் வேலை. யார் எந்தத் தெருவுக்குப் போவது என்று பிரித்துக் கொடுப்பேன். போய் வந்தவர்கள் கொண்டுவரும் பதில்களைச் சரிபார்த்துக் கணினியில் ஏற்றுவேன்.

வீடு வீடாகப் போகிறவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் நேராக 1 முதல் 5 வரை ஓர் எண் போடுவார்கள். 1 என்றால் உறுதியாக நம் பக்கம், 5 என்றால் உறுதியாக எதிர்ப்பக்கம். அதற்குக் கீழே குறிப்பு எழுத ஒரு சின்னக் கட்டம் இருக்கும். என்னைக் கேட்டால் அந்தக் கட்டம்தான் தங்கம். "முன்வாசல் மணி வேலை செய்யாது, பக்கவாட்டுக் கதவைத் தட்டவும்." "இரவுப் பணி, மதியம் 3 மணிக்கு முன் எழுப்ப வேண்டாம்." "மனைவி மார்ச்சில் தவறிவிட்டார், அவர் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டாம்."

போன வருடம் எங்கள் மாநிலக் கமிட்டி பழைய மென்பொருளை விட்டுவிட்டு, பல கமிட்டிகள் சேர்ந்து நடத்தும் ஒரு பொது அமைப்புக்கு மாறியது. எண்கள் வந்தன, குறிப்புகள் வரவில்லை. நாங்களும் கவனிக்கவில்லை. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் அந்த வீட்டுக் கதவைத் தட்டி, தாளில் இருந்த பெயரைப் படித்து, அவர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டான். பெரியவர் கோபப்படவில்லையாம். கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "இல்லை, அவள் இல்லை" என்று சொல்லிச் சாத்திக்கொண்டாராம். பையன் காருக்குத் திரும்பி எனக்கு போன் செய்தபோது அவனால் சரியாகப் பேச முடியவில்லை.

மாநிலக் கமிட்டியிடம் கேட்டோம். எந்தெந்த விவரத்தை மாற்றுவது என்று பொது அமைப்பின் நிர்வாகக் குழு முடிவு செய்ததாம். அந்தக் குழுவில் யார் யார் என்று கேட்டோம். ஒப்பந்தம் ரகசியம் என்றார்கள்.

இப்போது அந்த அமைப்பையே ஒரு 'டிரஸ்ட்' ஆக்கப் போகிறார்கள். அடுத்த மாதம் கவுண்டிப் பிரதிநிதிகள் அதற்கு வாக்களிக்க வேண்டும், நானும் அதில் ஒருத்தி. டிரஸ்ட் என்ற சொல்லைக் கேட்டதுமே எங்கள் கமிட்டியில் பாதிப் பேருக்கு நிம்மதி வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. நான் அங்கே என்ன கேட்க வேண்டும்?

#2 ஓலைச்சுவடி

நிலா, முதலில் அந்தப் பையனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

பின்னணி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன். அமெரிக்காவில் வாக்காளர் பட்டியல் அரசுடையது. 2002ல் வந்த ஹெல்ப் அமெரிக்கா வோட் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாநிலமும் கணினியில் ஒரே பட்டியலாக வைத்திருக்க வேண்டும். வடக்கு டகோட்டா மட்டும் விதிவிலக்கு, அங்கே வாக்காளர் பதிவு என்பதே கிடையாது. அந்தப் பட்டியலில் பெயர், முகவரி, எந்தெந்தத் தேர்தலில் வாக்களிக்கப் போனார் என்ற விவரம் இருக்கும். பல மாநிலங்களில் எந்தக் கட்சியில் பதிந்திருக்கிறார் என்பதும் இருக்கும். யாருக்கு வாக்களித்தார் என்பது ஒருபோதும் இருக்காது.

கட்சிகளுக்கு இந்தப் பட்டியல் மாநிலம் மாநிலமாக, வேறு வேறு வடிவத்தில், வேறு வேறு விலையில் கிடைக்கிறது. அதைச் சுத்தம் செய்து, இடம் மாறியவர்களைத் தேடிப் பிடித்து, தொலைபேசி எண் சேர்த்து ஒன்றாக்குவதில்தான் பணமும் உழைப்பும் கரைகிறது. ஜனநாயகக் கட்சியில் ஹோவர்ட் டீன் தேசியத் தலைவராக இருந்தபோது, 2007 வாக்கில், எல்லா மாநிலக் கமிட்டிகளுக்கும் வோட்பில்டர் என்ற ஒரே வாசலைத் திறந்தார்கள். மாநிலக் கமிட்டி தன் பட்டியலைத் தேசியக் கமிட்டிக்குக் கொடுக்கும். தேசியக் கமிட்டி அதைச் செப்பனிட்டுத் திருப்பிக் கொடுக்கும். வேட்பாளர்கள் மாநிலக் கமிட்டியிடம் கட்டணம் கட்டி அதைப் பயன்படுத்துவார்கள். ஏழை மாநிலக் கமிட்டிகளுக்கு அந்தக் கட்டணம் பெரிய வருமானம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வந்த சண்டைக்கெல்லாம் வேர் அங்கேதான் இருக்கிறது.

குடியரசுக் கட்சிக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 2010 தேர்தல் முடிந்தபோது அவர்களுடைய தேசியக் கமிட்டி 2 கோடி டாலருக்கு மேல் கடனில் கிடந்தது. பட்டியலைப் பராமரிக்கக் கையில் காசு இல்லை. 2011ல் டேட்டா டிரஸ்ட் என்று கமிட்டிக்கு வெளியே ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். கமிட்டி பட்டியலைக் கொடுக்கும், வெளியே இருக்கும் அமைப்பு பணம் திரட்டி அதை மேம்படுத்தும், இருவரும் பரிமாறிக்கொள்வார்கள். கட்சி அரசியலில் 'டிரஸ்ட்' என்ற சொல் இந்தப் பொருளில் புழக்கத்துக்கு வந்தது அதிலிருந்துதான்.

#3 சோழியன்

வழக்கறிஞராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தச் சொல்லைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும்.

சட்டத்தில் டிரஸ்ட் என்றால் மூன்று பேர் உண்டு. சொத்தை ஒப்படைப்பவர், அதை வைத்துக் காப்பவர், பயன் பெறுபவர். காப்பவரைத் தமிழில் அறங்காவலர் என்கிறோம். அந்தச் சொத்திலிருந்து அவர் தனக்கென்று லாபம் பார்க்கக் கூடாது. பயன் பெறுபவர் கணக்குக் கேட்டால் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் அவர் நீதிமன்றம் போகலாம். இவ்வளவும் இருந்தால்தான் அது டிரஸ்ட்.

ஓலைச்சுவடி சொன்ன டேட்டா டிரஸ்ட் சட்டப்படி ஒரு தனியார் கம்பெனி, டிரஸ்ட் என்பது அதன் பெயரில் மட்டும்தான். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அந்த வடிவத்துக்கு அவர்களுக்குக் காரணம் இருந்தது. ஆனால் பெயரைப் பார்த்து நிம்மதி அடைகிற உங்கள் நண்பர்களிடம் கேளுங்கள்: ஒப்படைப்பவர் யார், காப்பவர் யார், பயன் பெறுபவர் யார்? பத்திரத்தில் பயன் பெறுபவர் என்று யார் பெயர் இருக்கிறது? கவுண்டி கமிட்டி இருக்கிறதா? வாக்காளர் இருக்கிறாரா?

இன்னொன்று. பட்டியல் யாருடைய சொத்து என்று சண்டை போடுகிறார்களே, 1991ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஃபைஸ்ட் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. தொலைபேசிப் புத்தகம் சம்பந்தப்பட்ட வழக்கு. வெறும் பெயர், ஊர், எண் கொண்ட அகரவரிசைப் பட்டியலுக்குப் பதிப்புரிமை கிடையாது, எவ்வளவு வியர்வை சிந்தித் தொகுத்திருந்தாலும் சரி என்றார்கள். ஆகவே வாக்காளர் தரவில் 'எனக்குச் சொந்தம்' என்பதற்குச் சட்டம் தரும் பிடி மிகவும் பலவீனமானது. பிடி முழுவதும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தையே ரகசியம் என்று சொல்லிவிட்டு உங்களை வாக்களிக்கச் சொல்கிறார்கள் என்றால் அதை ஏற்கவே கூடாது.

#4 ரங்கா78

நான் இந்த மாதிரித் தரவுக் கிடங்குகளில் பொறியாளராக வேலை பார்த்திருக்கிறேன். வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நிலா அக்காவுக்கு நடந்தது வருத்தமான விஷயம். ஆனால் ஒவ்வொரு கவுண்டியும் தன் குறிப்பைத் தானே வைத்துக்கொள்ளட்டும் என்று போனால் என்ன ஆகும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரே ஆள் மூன்று பட்டியலில் மூன்று எண்ணோடு இருப்பார். ஒரு பட்டியலில் "இனி வர வேண்டாம்" என்று சொல்லியிருப்பார், அடுத்த வாரம் வேறு கமிட்டியின் ஆள் அதே கதவைத் தட்டுவான். ஒரு பெண்மணி நாங்கள் போன அன்று காலையிலிருந்து நான்காவது ஆள் நீங்கள் என்றார். நான்கு பேரும் ஒரே கட்சி.

ஒரே இடம், ஒரே அடையாள எண், ஒரே விதி. இது இல்லாமல் "வர வேண்டாம்" என்ற ஒரு சொல்லைக்கூட நாம் காப்பாற்ற முடியாது. அதற்குப் பொது அமைப்பு வேண்டும். டிரஸ்ட் என்று பெயர் வைத்தாலும் சரி, கம்பெனி என்று வைத்தாலும் சரி.

#5 குறிஞ்சிமலர்

ரங்கா அண்ணா, ஒரே இடம் என்றால் ஒரே பூட்டு. அது திறந்து கிடந்தால்?

2017 ஜூனில் நடந்ததை மறக்க முடியுமா? குடியரசுக் கட்சியின் தேசியக் கமிட்டிக்கு வேலை செய்த டீப் ரூட் அனலிட்டிக்ஸ் என்ற நிறுவனம் தரவை அமேசான் சேமிப்பகத்தில் கடவுச்சொல்லே இல்லாமல் வைத்திருந்தது. ஏறக்குறைய 19.8 கோடி அமெரிக்கர்களின் விவரம், 1.1 டெராபைட். அப்கார்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் பூட்டினார்கள். டேட்டா டிரஸ்டிலிருந்து வந்த கோப்புகளும் அதில் இருந்தன. டிரஸ்ட் தன் வீட்டைப் பூட்டித்தான் வைத்திருந்திருக்கும். வாங்கிக்கொண்டு போனவர் வீட்டில் பூட்டு இல்லை. ஆக, பொது அமைப்பு தன் கதவை மட்டும் பார்த்தால் போதாது. தரவு எந்தெந்த வீட்டுக்குப் போகிறதோ அங்கெல்லாம் போய்ப் பார்க்க அதற்கு உரிமை வேண்டும். அந்த உரிமை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள் அக்கா.

#6 ரங்கா78

சரியான கேள்வி. அந்த உரிமை இருந்தாலும் பயன்படுத்த ஆள் வேண்டும். தணிக்கைக்குத் தனியாகச் சம்பளம் ஒதுக்கியிருக்கிறார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

#7 மேகலை

எல்லோரும் சொத்தைப் பற்றியும் பூட்டைப் பற்றியும் பேசுகிறீர்கள். நான் சுவிட்சைப் பற்றிப் பேசுகிறேன். அணைக்கும் சுவிட்ச் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ஆள்கிறார்.

2015 டிசம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனநாயகக் கட்சியில் அதிபர் வேட்பாளர் யார் என்ற முதற்கட்டப் போட்டி சூடாக இருந்த நேரம். பொது மென்பொருளில் ஒரு திருத்தம் செய்தபோது கோளாறாகி, கிளின்டன் அணிக்கும் சாண்டர்ஸ் அணிக்கும் இடையே இருந்த தடுப்பு கொஞ்ச நேரம் விழுந்துவிட்டது. சாண்டர்ஸ் அணியின் ஊழியர்கள் சிலர் மறுபக்கப் பட்டியல்களைத் திறந்து பார்த்தார்கள். அது தவறு, அந்த அணியே தன் ஊழியர் ஒருவரை வேலையிலிருந்து நீக்கியது. ஆனால் தேசியக் கமிட்டி என்ன செய்தது? சாண்டர்ஸ் அணி முழுவதற்கும் இணைப்பைத் துண்டித்தது. அவர்களுடைய தன்னார்வலர்கள் தாங்களே சேர்த்த விவரத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் கூட்டம் அயோவா மாநிலத்தில் பிப்ரவரி 1ம் தேதி, ஆறு வாரம்தான் இருக்கிறது. அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள், மறுநாளே இணைப்பு திரும்பி வந்தது.

யார் பக்கம் நியாயம் என்று நான் இப்போது பேச வரவில்லை. அந்தத் துண்டிப்பை முடிவு செய்தவர்கள், புகார் சொன்னவர்கள், அமைப்பை நடத்தியவர்கள் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள். நடுவில் நின்று விசாரிக்க ஓர் ஆள் இல்லை. உண்மையான டிரஸ்ட் ஒன்று இருந்திருந்தால், தவறு செய்த நான்கு கணக்குகளை மூடிவிட்டு மற்றதைத் திறந்து வைத்திருக்க முடியும் என்று நான் நினைக்கிறேன்.

#8 சோழியன்

மேகலை சொல்வதோடு உடன்படுகிறேன். ஒப்பந்தங்களில் இடைநிறுத்தம், முறிவு என்று இரண்டு உட்பிரிவு இருக்கும். இடைநிறுத்தத்தை நிறைய பேர் படிக்காமல் தாண்டிப் போவார்கள். தேர்தலுக்கு முந்தைய வாரத்தில் ஏழு நாள் இடைநிறுத்தமும் முறிவும் ஒன்றுதான்.

#9 நிலாமுற்றம்

எல்லோருக்கும் நன்றி. படித்துக்கொண்டே தாளில் குறித்துக்கொள்கிறேன்.

ரங்கா தம்பி, நீ சொன்னதில் கோபம் ஒன்றும் இல்லை. "வர வேண்டாம்" என்ற சொல் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதால்தான் நானே முதலில் பொது அமைப்பு வேண்டும் என்று கையெழுத்துப் போட்டவள். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

எனக்குப் புரியாத ஒன்று. எதற்காக இந்த அமைப்பு கட்சிக்கு வெளியே இருக்க வேண்டும்? மாநிலக் கமிட்டிகளே சேர்ந்து ஒரு துணைக் குழுவாக வைத்துக்கொள்ளக் கூடாதா? இதைக் கேட்டால் "எஃப்.இ.சி விதி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

#10 ஓலைச்சுவடி

அந்த ஒரு வரிக்குள் நிறைய இருக்கிறது நிலா.

எஃப்.இ.சி என்பது கூட்டாட்சித் தேர்தல் ஆணையம். கட்சிக் கமிட்டிக்கு யார் எவ்வளவு தரலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. 2010ல் வந்த நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு சூப்பர் பேக் என்ற வெளிக்குழுக்களுக்கு அந்த வரம்பு இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம், செலவு செய்யலாம். ஆனால் விளம்பரம் போன்ற செலவுகளைக் கட்சியோடோ வேட்பாளரோடோ கலந்து பேசிச் செய்யக் கூடாது. அது கட்சிக்குக் கொடுத்த நன்கொடையாகக் கணக்காகிவிடும்.

இப்போது தரவை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிக்குழு லட்சக்கணக்கான கதவுகளைத் தட்டி விவரம் சேர்க்கிறது. அதைக் கட்சிக்கு இலவசமாகக் கொடுத்தால் அது பொருளாகக் கொடுத்த நன்கொடை. ஆனால் சந்தை விலைக்கு விற்றாலோ, சம மதிப்புள்ள இன்னொரு பட்டியலுக்கு மாற்றிக்கொண்டாலோ அது நன்கொடை ஆகாது. இந்த இடைவெளியில்தான் பொது அமைப்பு வந்து உட்காருகிறது. இரண்டு பக்கமும் அதனோடு தனித்தனியாக ஒப்பந்தம் போடும். நேரடியாக ஒருவரோடொருவர் பேசாமல், நடுவில் இருப்பவர் வழியாகச் சரக்கு மாறும்.

குடியரசுக் கட்சிக்கு இந்த வழி 2011லேயே கிடைத்தது. ஜனநாயகக் கட்சியில் வெளிக்குழுக்களுக்கு கேட்டலிஸ்ட் என்ற தனி நிறுவனம் இருந்தது, கட்சிக்குள் வோட்பில்டர் இருந்தது, நடுவில் சுவர் இருந்தது. 2018 முடிவில் தேசியத் தலைவர் டாம் பெரேஸ் நாமும் ஒரு டிரஸ்ட் வைப்போம் என்றார். மாநிலக் கமிட்டிகள் கொதித்தெழுந்தன. எங்கள் பட்டியல், எங்கள் வருமானம், எங்களைக் கேட்காமல் வெளியாள் கையில் கொடுப்பதா என்று. மாநிலத் தலைவர்கள் சங்கத்தின் சார்பில் முன்னால் நின்றவர் மினசோட்டாவின் கென் மார்ட்டின். 2019 பிப்ரவரியில் உடன்பாடு வந்தது. புதிய அமைப்புக்குத் தலைமை தாங்க ஹோவர்ட் டீன் வந்தார், வோட்பில்டர் காலத்தில் தலைவராக இருந்த அதே டீன். ஜனநாயகத் தரவுப் பரிமாற்றகம் என்று 2020 தேர்தலுக்குள் அது வேலையைத் தொடங்கியது. எதிர்த்து நின்ற கென் மார்ட்டின் 2025ல் தேசியத் தலைவராகவே ஆனார்.

இதில் நான் கவனிப்பது ஒன்று. அந்தச் சண்டையில் தேசியக் கமிட்டிக்குக் குரல் இருந்தது, மாநிலக் கமிட்டிக்குக் குரல் இருந்தது, வெளிக்குழுவுக்கும் இருந்தது. கவுண்டி கமிட்டி என்று ஒரு சொல்கூட என் கண்ணில் பட்டதில்லை.

#11 மேகலை

மறுபக்கமும் அப்படித்தான். 2014ல் டேட்டா டிரஸ்டும், பெரும் பணக்காரத் தொழிலதிபர்களான கோக் சகோதரர்கள் ஆதரித்த ஐ360 என்ற தரவு நிறுவனமும் தரவைப் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் போட்டன. அடுத்த வருடமே தேசியக் கமிட்டிக்கும் அந்த அணிக்கும் வெளிப்படையாக மனக்கசப்பு வந்துவிட்டது. கட்சியின் தரவுக்கு யார் தலைமை என்பதுதான் சண்டை. கதவைத் தட்டியவர்களை யாரும் கேட்கவில்லை.

#12 குறிஞ்சிமலர்

ஓலைச்சுவடி அண்ணா சொன்ன எஃப்.இ.சி பற்றி ஒரு சின்ன விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது. நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களைக் கமிட்டிகள் ஆணையத்துக்கு அறிக்கையாகக் கொடுக்க வேண்டும், அது பொதுமக்கள் பார்வைக்கும் வரும். ஆனால் அந்தப் பெயர்களை எடுத்து வேறு யாரும் நன்கொடை கேட்கக் கூடாது என்று சட்டம். யாராவது எடுத்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு அறிக்கையிலும் பத்துப் பொய்ப் பெயர்கள் வரை சேர்த்துக்கொள்ள ஆணையமே அனுமதிக்கிறது. இல்லாத ஆளின் பெயருக்கு நன்கொடை கேட்டுக் கடிதம் வந்தால் திருடன் மாட்டிக்கொண்டான்.

உங்கள் கவுண்டியும் இதைச் செய்யலாம் அக்கா. தட்டும் பட்டியலுக்கு இல்லை, உங்கள் தன்னார்வலர் பட்டியலுக்கு. பொது அமைப்புக்குக் கொடுக்கும்போது உங்கள் ஆட்கள் இரண்டு பேருடைய மாற்று மின்னஞ்சலைப் புனைபெயரில் சேர்த்துக் கொடுங்கள். அங்கே யார் கடிதம் வருகிறது என்று பாருங்கள். கொடுக்கிறோம் என்று முன்கூட்டியே எழுதியும் வைத்துவிடுங்கள், பின்னால் ஏமாற்றினீர்கள் என்ற பேச்சு வராது.

#13 ரங்கா78

அருமையான யோசனை. நாங்கள் நிறுவனத்தில் இதை வேறு காரணத்துக்காகச் செய்வோம்.

இரவு முழுக்க யோசித்தேன் நிலா அக்கா. உங்கள் குறிப்புகள் ஏன் வரவில்லை என்று எனக்கு இப்போது புரிகிறது என்று நினைக்கிறேன். எண் என்றால் எல்லா மாநிலத்திலும் 1 முதல் 5 தான், மாற்றுவது சுலபம். குறிப்பு என்பது யாரும் எதையும் எழுதும் இடம். அதில் நோய் இருக்கும், குடும்பச் சண்டை இருக்கும், வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று இருக்கும். பத்துக் கமிட்டிகள் பார்க்கும் இடத்தில் அதைப் போட எந்தப் பொறியாளனும் தயங்குவான். நானாக இருந்தாலும் விட்டுவிட்டுத்தான் வந்திருப்பேன். தவறு என்னவென்றால், விட்டுவிட்டோம் என்று உங்களிடம் சொல்லாததும், உங்கள் குறிப்பை உங்கள் கையில் ஒரு கோப்பாகத் திருப்பித் தராததும்.

அப்புறம் "மனைவி தவறிவிட்டார்" என்பது குறிப்பாகவே இருந்திருக்கக் கூடாது. இறந்தவர் என்று குறிக்கத் தனி இடம் இருந்திருக்க வேண்டும். "வர வேண்டாம்" என்பதற்கும் அப்படியே. அவற்றுக்குத் தனிக் கட்டம் இருந்தால் எந்த மாற்றத்திலும் எண்ணோடு சேர்ந்து பயணம் செய்யும்.

#14 நிலாமுற்றம்

தம்பி, இதைப் படித்துவிட்டுப் பழைய பயிற்சிக் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். இறந்தவர் என்று குறிக்கப் பழைய மென்பொருளிலேயே ஒரு கட்டம் இருந்திருக்கிறது. எங்கள் ஆள் அதில் தட்டாமல் குறிப்பில் எழுதியிருக்கிறார். அவரைப் பயிற்றுவித்தது நான்தான். இதை மறைத்துவிட்டுப் பொது அமைப்பை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

#15 சோழியன்

சொன்னது நல்லது அம்மா. கூட்டத்திலும் அதைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள், உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.

வாக்காளருக்குச் சட்டத்தில் என்ன பாதுகாப்பு என்று பார்த்தேன். வருத்தமாக இருக்கிறது. அழைக்க வேண்டாம் என்று பதிவு செய்யும் தேசியப் பட்டியல் அரசியல் அழைப்புகளுக்குப் பொருந்தாது. கலிபோர்னியாவின் தனியுரிமைச் சட்டம் லாப நோக்குள்ள வணிகங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது, கட்சிக் கமிட்டியை இல்லை. ஐரோப்பாவில் அரசியல் கருத்து என்பது தனிப் பாதுகாப்புள்ள தரவு வகை, இங்கே கூட்டாட்சி அளவில் அப்படி ஒன்று கிடையாது. ஆகவே அந்தப் பெரியவர் "இனி வராதீர்கள்" என்று சொன்னால் அதை மதிக்க வேண்டிய கட்டாயம் கட்சி தானாக எழுதிக்கொண்டால்தான் உண்டு. டிரஸ்ட் பத்திரத்தில் பயன் பெறுபவர் பட்டியலில் வாக்காளரைச் சேருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். மற்ற எல்லோருக்கும் வக்கீல் இருக்கிறார்.

#16 மேகலை

நிலா, கூட்டத்துக்கு முன் இன்னும் ஒன்று. அந்த டிரஸ்ட் மென்பொருளைத் தானே எழுதப் போகிறதா, இல்லை வாடகைக்கு எடுக்கப் போகிறதா? வாடகை என்றால், வாடகைக்குக் கொடுப்பவர் கைமாறினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். ஜனநாயகக் கட்சி பெரிதும் நம்பியிருக்கும் என்.ஜி.பி வேன் என்ற தரவு மென்பொருள் 2021ல் ஏபக்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. பிறகு வேறு மென்பொருள்களோடு சேர்ந்து போன்டெர்ரா என்ற குடைக்குக் கீழே வந்தது. 2023 தொடக்கத்தில் அங்கே ஆட்குறைப்பு நடந்தபோது கட்சிக்காரர்கள் பதறினார்கள். அடுத்த தேர்தலுக்கு இதைச் சரிசெய்ய ஆள் இருப்பார்களா என்று. டிரஸ்டின் பத்திரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சாவி வாடகைக்குக் கொடுப்பவரிடம் இருந்தால் என்ன செய்வது? நிறுவனம் கைமாறினால் மூலக் குறியீட்டின் பிரதி ஒன்று மூன்றாம் ஆளிடம் இருக்க வேண்டும், தரவு முழுவதும் வழக்கமான கோப்பு வடிவில் வெளியே வர வேண்டும். இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

#17 நிலாமுற்றம்

கூட்டம் நேற்று முடிந்தது. உங்களுக்குச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

வாக்கெடுப்பு தள்ளிப் போயிருக்கிறது. முதலில் பயிற்சித் தவறு என்னுடையது என்று சொன்னேன். அப்புறம் பெரியவர் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அரங்கம் அமைதியானது. அதன் பிறகு ஒப்பந்தத்தைக் காட்டாமல் வாக்களிக்க மாட்டோம் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். பக்கத்துக் கவுண்டியிலிருந்து வந்த எழுபது வயது அம்மாள் ஒருவர்தான் முதலில் கையைத் தூக்கி வழிமொழிந்தார். பதினொரு கவுண்டிகள் ஆதரித்தன. இரண்டு வாரத்தில் ஒப்பந்த நகல் தருகிறோம் என்று மாநிலக் கமிட்டி ஒப்புக்கொண்டது.

நிர்வாகக் குழுவில் கவுண்டிகளுக்கு ஓர் இடம் என்று கேட்டேன், "பரிசீலிக்கிறோம்" என்றார்கள். வாக்காளரைப் பயன் பெறுபவராகச் சேர்ப்பதை அவர்களுடைய வழக்கறிஞர் நேரடியாக மறுத்தார். யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம் என்று ஆகிவிடும் என்றார். சோழியன் ஐயா, அதற்கு என்னிடம் பதில் இல்லை, உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

ஆனால் ஒன்றை உடனே ஏற்றார்கள். "இறந்தவர்", "வர வேண்டாம்" என்ற இரண்டு குறியும் எந்தக் கமிட்டி போட்டாலும் எல்லாக் கமிட்டிக்கும் அன்றிரவே போய்ச் சேரும், யாருக்கும் கட்டணம் இல்லாமல். எந்தக் கணக்கை மூடினாலும் அந்தக் கவுண்டி எழுதிய குறிப்புகள் முப்பது நாளுக்குள் கோப்பாகத் திரும்பி வரும்.

#18 சோழியன்

வழக்கறிஞரின் பயம் நியாயமானதுதான். வழக்குப் போடும் உரிமைக்குப் பதிலாக, வாக்காளர் சார்பில் புகார் வாங்கி விசாரிக்க டிரஸ்டுக்கு வெளியே ஒரு சுயேச்சையான ஆளை நியமிக்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதை ஏற்காவிட்டால் ஏன் என்று எழுத்தில் வெளியிட வேண்டும். இதற்கு அவர்களால் எளிதில் மறுப்புச் சொல்ல முடியாது. ஒப்பந்த நகல் வந்ததும் இடைநிறுத்தப் பிரிவை முதலில் படியுங்கள்.

#19 ரங்கா78

அன்றிரவே என்றால் எத்தனை மணிக்கு என்று எழுதி வாங்குங்கள் அக்கா. காலை 9 மணிக்குப் பட்டியல் அச்சடிக்கிறார்கள் என்றால் 6 மணிக்குள் வந்தாக வேண்டும்.

#20 நிலாமுற்றம்

6 மணி என்று எழுதச் சொல்லிவிட்டேன் தம்பி. ஐயா, அந்தச் சுயேச்சை ஆள் யோசனையை இன்றே அனுப்புகிறேன்.

அந்தப் பையன் இந்தச் சனிக்கிழமை மறுபடி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அதே தெருதான் வேண்டுமாம். குறிகள் புதிய முறையில் ஏற இன்னும் நாளாகும் என்பதால், தாளில் அந்த வீட்டுக்கு நேராகக் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன்: "அம்மா இல்லை. பக்கவாட்டுக் கதவு. பெரியவர் வரச் சொன்னால் மட்டும் பேசவும்."